புண்ணுக்கு அன்ரிபயோட்டிக் கிறீம் பூசுவது எப்படி: வன்னி மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணை, புண்ணுக்குப் பூச ஒரு ஒயின்மென்ற் தாங்கோ." கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ செட்டிகுளத்திலோ ஒரு பாமசி வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இதைக் கேட்டுவிடலாம். ஆருக்கு, உடம்பில் எந்த இடத்தில், எத்தனை நாளாக, சீனி வருத்தம் இருக்கிறதா என்ற நாலு கேள்வியும் இல்லாமலே ரியூப் கை மாறிவிடுகிறது. வாங்குகிறவருக்கு வயலுக்குப் போகிற அவசரம், விற்கிறவருக்குப் பின்னால் நிற்கிற ஆட்களின் அவசரம். இந்த வழிகாட்டி அந்த நாலு கேள்விக்காகத்தான்.

அன்ரிபயோட்டிக் கிறீம் நல்ல மருந்து, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது செய்கிற வேலை மிகவும் சின்னது. தோலின் மேற்பரப்பில், சின்ன இடத்தில், பற்றீரியாவால் வந்த புண்ணைச் சில நாட்களில் ஆற வைக்கும், அவ்வளவுதான். ஆழமான புண், பரவிய புண், பங்கசு, வைரசு, பூச்சிகளால் வருகிற தோல் நோய் இதுகளுக்கு அது ஒன்றும் செய்யாது, சில வேளை நோயை மூடி மறைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத் தள்ளிப்போடும். அதனால் ரியூப்பைத் திறக்க முதல் புண்ணைப் பாருங்கள்.

முதல் வேலை: அது என்ன புண்?

நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ரோச் லைற்றில் நிறம் சரியாகத் தெரியாது.

கிறீம் உண்மையாகவே உதவுகிற புண் எது என்றால், பிள்ளைகளின் மூக்கடி, வாயோரம், கை கால்களில் வருகிற சிரங்கு. முதலில் சின்னக் கொப்புளம் வரும், அது உடைந்து நீர் கசியும், பிறகு தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும், பிள்ளை சொறிந்த கையாலேயே அடுத்த இடத்துக்கும் பரப்பிவிடும். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இருந்தால் கிறீம் போதும். அதே போல ஒரு சின்னக் கீறல், நுளம்பு கடித்துச் சொறிந்த இடம், முடி வேரடியில் வந்த சின்னச் சீழ்ப்பரு, இதுகள் சிவந்து கொஞ்சம் சீழ் வைத்தால் கிறீமுக்கு வேலை இருக்கிறது. சுத்தமாக ஆறிக்கொண்டிருக்கிற காயத்துக்கு அன்ரிபயோட்டிக் தேவையே இல்லை, சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

இனி, கிறீமுக்குச் சம்பந்தமில்லாதவை. இந்தப் பட்டியல்தான் நீளமானது.

வயல் வேலை செய்கிற ஆட்களுக்குக் காலபோகத்தில் கால்விரல் இடுக்கில் வருகிற சேற்றுப்புண்ணை எடுங்கள். விரல் இரண்டையும் விரித்துப் பார்த்தால் தோல் வெள்ளையாக ஊறிப் போயிருக்கும், நடுவில் வெடிப்பு, ஒரு மணம், கடி. அங்கே பெரும்பாலும் இருப்பது ஈரமும் பங்கசும். அதற்குப் பற்றீரியாக் கிறீமை அப்பினால் அந்த இடம் இன்னும் ஊறும். வேலை முடிந்து வந்ததும் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, காற்றுப் பட விட்டு, பங்கசுக்கான குளோற்றிமசோல் போன்ற கிறீமைப் பூசுவதுதான் வழி. அதே வெடிப்பால் பற்றீரியா உள்ளே போய், பாதமோ கெண்டைக்காலோ சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் அது பூச்சு மருந்தின் எல்லையைத் தாண்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று: காலில் வெடிப்போடு சேற்றில் இறங்குகிறவர் கிறீம் பூசிவிட்டதால் எலிக்காய்ச்சல் வராது என்று நினைக்கக் கூடாது. அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பி.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டால் தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார்கள்.

வட்டமாக, ஓரம் தடித்து, நடு வெளுத்து, கடுமையாகக் கடிக்கிறதென்றால் படர்தாமரை, அதுவும் பங்கசு. இடுப்பில் உடுப்பு இறுகுகிற இடம், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ் என வியர்வை தங்குகிற இடமெல்லாம் வரும்.

இரவில் கடி கூடுகிறது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள், வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள் என்றால் அது சொறி, அதாவது தோலுக்குள் துளைத்துப் போகிற நுண்ணிய பூச்சி. அதற்குப் பெர்மெத்ரின் 5% போன்ற மருந்தைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசி, ஒரு இரவு வைத்திருந்து, ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் பூச வேண்டும், வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். (கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கிற வீடென்றால் டொக்டரைக் கேட்டு விட்டு.) சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் அன்ரிபயோட்டிக்கும் தேவைப்படலாம், ஆனால் பூச்சியை விட்டுவிட்டுச் சீழுக்கு மட்டும் மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கட்டு வந்தால், உள்ளே சீழ் சேர்ந்து நிற்கும்போது வெளியே பூசுகிற மருந்து அங்கே போய்ச் சேராது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியை வைத்து வாருங்கள், பிதுக்காதீர்கள், பெரிதானால் டொக்டர் கீறிச் சீழை எடுப்பார். மூக்கு, மேலுதட்டுப் பக்கம் வந்த கட்டைக் கட்டாயம் தொடாதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிலது இருக்கிறது, இதைக் கவனமாக வாசியுங்கள். காட்டோரம், பற்றைக்காடு, பழைய வரம்பு பக்கம் வேலை செய்கிறவரின் முகத்திலோ கையிலோ நோவும் இல்லாமல் கடியும் இல்லாமல் ஒரு சின்னக் கட்டி வந்து, கிழமைக்கணக்கில் மெல்ல வளர்ந்து நடுவில் புண்ணாகினால், அது மணல் ஈ கடித்து வருகிற லீஷ்மேனியாசிஸ் ஆக இருக்கலாம். எந்த அன்ரிபயோட்டிக் கிறீமும் அதை ஆற்றாது, ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் தனி வைத்தியம் இருக்கிறது. வெளிறிய தேமல் மாதிரி ஒரு இடம், ஊசி முனையால் தொட்டாலும் உணர்ச்சி தெரியவில்லை என்றால் தொழுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், வேளைக்கே தொடங்கினால் முழுதாக மாறும், வெட்கப்பட எதுவும் இல்லை. காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ நோவில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கு உள்ளுக்கு எடுக்கிற மாத்திரை வேண்டும். டொக்டர் அந்தப் பொருக்கைப் பார்த்தால்தான் நோயைச் சட்டென்று பிடிப்பார், வெட்கத்தில் மறைத்துவிடாதீர்கள்.

ரியூப்பில் என்ன இருக்கிறது?

பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது கொம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற பெயரை வாசியுங்கள், அதுதான் மருந்து.

பியூசிடிக் அசிட் 2%, மியூபிரோசின் 2% இந்த இரண்டும்தான் சிரங்குக்கும் சின்னச் சீழ்ப்புண்ணுக்கும் டொக்டர்மார் கூடுதலாக எழுதுகிற பூச்சு அன்ரிபயோட்டிக். நியோமைசின் கலந்தவை பழைய காலத்து மருந்துகள், கொஞ்சப் பேருக்குத் தோல் ஒவ்வாமை கொடுக்கும். பூசிய இடம் மட்டும் அளந்து வைத்தது போலச் சிவந்து கடித்து நீர்க் கொப்புளம் போட்டால் புண் கூடிவிட்டது என்று இன்னும் தடவாமல் மருந்தை நிறுத்துங்கள். சில்வர் சல்படயசின் தீப்புண்ணுக்குப் பாவிப்பது, சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய தாய்மாருக்கும், பிறந்த பிள்ளைகளுக்கும் ஆகாது. பொவிடோன் ஐயடீன் அன்ரிபயோட்டிக் இல்லை, கிருமிநாசினி, தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள் பெரிய இடத்தில் தொடர்ந்து பூசக் கூடாது.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விசயத்துக்கு வருகிறேன். ஒரே ரியூப்பில் மூன்று மருந்து கலந்த கிறீம்கள் இருக்கின்றன: பற்றீரியாவுக்கு ஒன்று, பங்கசுக்கு ஒன்று, அதோடு பெற்றாமெதசோன் மாதிரி ஒரு ஸ்டீரொயிட். "எல்லாத்துக்கும் கேக்கும் அக்கா, பூசிப் பாருங்கோ" என்று கை மாறுவது பெரும்பாலும் இதுதான். ஸ்டீரொயிட் கடியையும் சிவப்பையும் இரண்டு நாளில் அடக்கிவிடும், மருந்து பிடித்துவிட்டது என்று சந்தோசமாக இருக்கும். உள்ளே பங்கசு அப்படியே இருக்கும், தோலின் எதிர்ப்பு குறைந்ததால் இன்னும் பரவும். நிறுத்தினால் முன்னையைவிடக் கடுமையாகத் திரும்பி வரும், திரும்பப் பூசுவீர்கள். மாதக்கணக்கில் இப்படிப் போனால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் மாறாத வரிகள் விழும், முகத்தில் பூசினால் பரு, சிவப்பு, முடி வளர்ச்சி எல்லாம் வரும். வட்டம் அழிந்து உருவம் மாறிப் போவதால் பிறகு டொக்டருக்கும் அது படர்தாமரை என்று கண்டுபிடிப்பது கடினம். தோல் டொக்டர் பார்த்து, இத்தனை நாளுக்கு என்று எழுதித் தந்தால் பூசுங்கள், அது வேறு கதை. துண்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

துண்டு என்றதும் சொல்ல வேண்டும், அன்ரிபயோட்டிக் கிறீமும் டொக்டரின் துண்டுக்குக் கொடுக்க வேண்டிய மருந்துதான். கிராமத்து ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் இலவசமாகவே காட்டலாம், காலையில் வேளைக்குப் போனால் அரை நாளோடு முடியும்.

பூசுகிற முறை

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு புண்ணையும் சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கிற மாரி நாட்களில் கொதித்து ஆறிய தண்ணீரை எடுப்பது நல்லது.

பொருக்கு இருந்தால் அதன் மேலே மருந்தைப் பூசுவது வீண், மருந்து பொருக்கோடு நின்றுவிடும். சுத்தமான பருத்தித் துணி ஒன்றை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பொருக்கின் மேல் 5, 10 நிமிடம் வையுங்கள். ஓரம் இளகி வரும், அந்த ஓரத்திலிருந்து துணியாலேயே மெல்லத் துடைத்து எடுங்கள். இளகி வருவது மட்டும் வரட்டும், ஒட்டிக்கொண்டிருப்பதை நகத்தால் கிள்ளி இரத்தம் வர வைக்க வேண்டாம், அடுத்த முறை வரும். அடியில் ஈரமான சிவந்த தோல் தெரியும், மருந்து போக வேண்டிய இடம் அதுதான். பிள்ளை அழுதால் கொஞ்சம் பொறுத்துக் கதை சொல்லிச் செய்யுங்கள், இந்தப் படியை விடாதீர்கள். துணியைச் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காய விடுங்கள்.

ஒற்றி ஈரம் எடுங்கள். அந்தத் துவாய் புண்காரருக்கு மட்டும்.

அடுத்தது அளவு. பெரிய ஆளின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது அண்ணளவாக அரைக் கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஒரு சின்னச் சிரங்குக்கு அதில் ஒரு பொட்டுப் போதும். தடிப்பாக அப்பினால் வேளைக்கு ஆறாது, காசும் மருந்தும்தான் போகும். ரியூப்பின் வாயைப் புண்ணில் முட்ட விடாதீர்கள், சுத்தமான விரலிலோ பஞ்சுக் குச்சியிலோ எடுத்து, புண்ணிலும் அதைச் சுற்றிக் கொஞ்சத்திலும் மெல்லிசாகப் பூசுங்கள். கண்ணுக்குள், வாய்க்குள் போகக் கூடாது. பால் கொடுக்கிற தாய் முலைக்காம்பு வெடிப்புக்குப் பூசச் சொல்லியிருந்தால், பிள்ளைக்குப் பால் கொடுக்க முதல் நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

பிள்ளை சொறிகிற இடம், உடுப்பு உரசுகிற இடம், தூசி படுகிற இடம் என்றால் சுத்தமான கோஸ் துணியால் லேசாக மூடுங்கள். மற்றப்படி திறந்தே இருக்கலாம். முடிந்ததும் திரும்பக் கை கழுவுங்கள்.

பொதுவாக ஒரு நாளைக்கு 2 அல்லது 3 தரம், துண்டில் எழுதியபடி. அதே இடத்தில் அதே நேரம் வேறு கிறீம், எண்ணெய், மஞ்சள் எதையும் கலக்காதீர்கள். கப்சியூலை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவு செய்து விட்டுவிடுங்கள். அந்தத் தூள் வயிற்றுக்குள் போய் வேலை செய்யச் செய்த மருந்து. புண்ணில் போட்டால் கட்டியாகி, கீழே சீழ் சேர்வதை மறைக்கும், சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் வரும். தீக்காயத்துக்குப் பற்பசையும் அப்படித்தான், முதலில் செய்ய வேண்டியது 20 நிமிடம் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் பிடிப்பது. நாய் கடித்த காயத்தை 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நேரே விசர்நாய் ஊசிக்கு வெளிக்கிட வேண்டும், கிறீம் தேடி அலையக் கூடாது. ஆணி, முள்ளுக்கம்பி ஆழமாக ஏறினால் ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள்.

அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒயின்மென்ற் வகைகளில் பரஃபின் என்ற மெழுகு எண்ணெய் இருக்கலாம். அது ஊறிய துணியும் பந்தேஜும் லேசில் தீப்பற்றும், உடுப்பைக் கழுவினாலும் முழுதாகப் போகாது. கையில் பந்தேஜோடு விறகடுப்பை ஊதுகிற அம்மாமார் இதை மறக்கக் கூடாது.

எத்தனை நாள்?

தொடங்கிய திகதியைப் பெட்டியில் பேனையால் எழுதுங்கள். சிவப்பு இருக்கிற எல்லையைச் சுற்றித் தோலிலேயே பேனையால் மெல்லக் கோடு போடுங்கள், நாளைக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ஆரையும் கேட்காமலே தெரியும்.

3 நாளில் கொஞ்சமாவது குறைய வேண்டும், நீர் கசிவது நின்று காயத் தொடங்க வேண்டும். குறையவில்லை என்றால் அதே கிறீமை இன்னும் கூடப் பூசுவதில் பலனில்லை, டொக்டரிடம் காட்டுங்கள். ஒன்றில் நோய் வேறாக இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பற்றீரியா அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கும். குறைந்தால் பியூசிடிக் அசிட் வழக்கமாக 5 முதல் 7 நாள், மியூபிரோசின் கூடினது 10 நாள், அதோடு நிறுத்த வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று ஒவ்வொரு கீறலுக்கும் பூசுவது, பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது, நுளம்புக் கடிக்கெல்லாம் தடவுவது, இப்படித்தான் மருந்துக்கு அடங்காத பற்றீரியா வீட்டுக்குள்ளேயே உருவாகிறது. அடுத்த முறை உண்மையான தொற்று வரும்போது இதே கிறீம் கேட்காது.

சிரங்கு வந்த பிள்ளையை மருந்து தொடங்கி 2 நாள் ஆகும்வரை, அல்லது புண் காயும்வரை பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள். நகத்தை வெட்டுங்கள், தலையணை உறையை மாற்றுங்கள். அதோடு, சிரங்கு ஆறிச் சில கிழமைக்குள் பிள்ளையின் முகம் காலையில் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சிரங்கை உண்டாக்குகிற சில பற்றீரியாக்களால், புண் ஆறிய பிறகும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், நேரத்துக்குப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகச் சுகமாகிவிடுவார்கள்.

தாங்களாகவே பூசக் கூடாதவர்கள்

சீனி வருத்தம் உள்ளவரின் பாதத்தில் எந்தப் புண் வந்தாலும், அரிசி அளவாக இருந்தாலும், முதலில் ஆஸ்பத்திரி. உணர்ச்சி குறைந்த காலில் நோவு இருக்காது, நோவில்லை என்பதாலேயே மேலே பூசிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், உள்ளே எலும்பு வரை போயிருக்கும். அப்பாவோ அம்மம்மாவோ "இது சின்னப் புண்தானே" என்று சொன்னால் நம்பாதீர்கள், செருப்பைக் கழற்றி அடிப்பாதத்தை நீங்களே பாருங்கள்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அடுத்தது. வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு கிளினிக் போகிற கமக்காரர் நிறையப் பேர். மியூபிரோசின் ஒயின்மென்ற் சிலது பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற கூழில் கலந்து வருகிறது. பெரிய திறந்த புண்ணிலும் தீக்காயத்திலும் பூசினால் அது உடம்புக்குள் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டும். ஒரு பொட்டுப் பூசுவதில் பயமில்லை, ஆனால் கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேட்டுவிட்டே பூசுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய் வைத்தியத்தில் இருப்பவர், ஸ்டீரொயிட் மாத்திரை எடுப்பவர், இவர்களும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எவருக்குமே வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலைமைகள்: காய்ச்சல் அல்லது நடுக்கம், பேனைக் கோட்டைத் தாண்டி வேகமாகப் பரவுகிற சிவப்பு, புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடுகிற சிவந்த கோடு, பார்க்கிற அளவைவிட மிகக் கூடின நோவு, தோல் கறுப்பது, கண்ணைச் சுற்றி வீக்கம். பூசிய பிறகு உதடு முகம் வீங்கி மூச்சு முட்டினால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வைக்கிற இடம்

பெட்டியில் பெரும்பாலும் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லி எழுதியிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரையில் அது நடக்காது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே, ஜன்னலடி, அடுப்புக்கு மேல் தட்டு மூன்றும் வேண்டாம். வீட்டில் நிழலான, ஈரமில்லாத மூலையில் மூடி இறுக்கி வையுங்கள். மண்பானைக்குப் பக்கத்தில் ஒரு பேணிக்குள் வைப்பது பரவாயில்லை. எண்ணெய் பிரிந்து நின்றாலோ நிறம் மணம் மாறினாலோ திகதி முடிந்தாலோ எறியுங்கள், பிள்ளைகள் எடுத்து விளையாடாத இடத்தில்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் பூசிய ரியூப்பைப் பெட்டியோடு கொண்டு போங்கள். "வெள்ளை ஒயின்மென்ற் ஒண்டு" என்று சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. வேறு பாமசியில் வாங்கியது, பக்கத்து வீட்டு ஆச்சி தந்தது, சிங்கள எழுத்து மட்டும் இருந்தது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே மேசையில் வையுங்கள். அன்று காலை மட்டும் எதையும் பூசாமல் போங்கள், மருந்து மூடாத புண்ணை டொக்டர் பார்க்கட்டும்.